மூன்று முறை கேட்ட குரல்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய முதல் வாசகத்தில் சிறுவன் சாமுவேலைச் சந்திக்கிறோம். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருக்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குரு ஏலிதான் அழைக்கிறார் என்று எண்ணி எழுந்து ஓடுகிறான். 'நான் கூப்பிடவில்லை, போய்ப் படு' என்று அவர் அனுப்பிவிடுகிறார். இப்படி மூன்று முறை நடக்கிறது. சாமுவேலுக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்புப் பையன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நேரம் இது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது தொலைக்காட்சிச் சத்தம் குறைந்திருக்கும். திருப்புதல் தேர்வுகள் தொடங்குகின்றன. அடுத்து எந்தக் குரூப், எந்தக் கல்லூரி என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில் வருகிறது. அந்தப் பேச்சில் பாதி வீடுகளில் முதலில் வரும் சொல் 'டாக்டர்', இரண்டாவது வரும் சொல் 'நர்சிங்'. ஆகவே இன்று சாமுவேலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவப் பணிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியும் சிந்திப்போம்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். நம்மில் பலர் சென்னை போகும்போது அந்த ஊரைக் கடக்கிறோம். 1890களின் தொடக்கத்தில் அந்த ஊரில் ஒரு மிஷனரி வீட்டில் ஓர் இளம்பெண் இருந்தார். பெயர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா மருத்துவர், தந்தை ஜான் ஸ்கடரும் மருத்துவர், சித்தப்பா பெரியப்பாக்கள் எல்லாம் மிஷனரிகள். ஐடாவுக்கு மட்டும் அந்த வழி வேண்டாம் என்றிருந்தது. ஆறேழு வயதில் அவர் கண்டது 1876 முதல் 1878 வரை நம் பகுதியை உலுக்கிய பெரும் பஞ்சம். வீட்டு வாசலில் பசியோடு நின்ற குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய கைகள் அவை. அந்த நினைவு இந்த நாட்டை விட்டு ஓடவே அவரைத் தூண்டியது. அமெரிக்காவில் படித்தார். அங்கேயே வாழத் திட்டமிட்டிருந்தார். தாய்க்கு உடல்நலம் குன்றியதால் 1890-ல் திண்டிவனம் வந்தார். அம்மா தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதே எண்ணம்.

அந்த இரவில் நடந்ததை வேலூர் மருத்துவமனைக்குப் போய்வந்த பலர் கேட்டிருப்பீர்கள். மேசை விளக்கருகே உட்கார்ந்திருந்த ஐடாவிடம் ஒரு பிராமணர் வந்தார். தன் இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வர வேண்டும் என்றார். 'எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் என் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா, அதைவிட அவள் சாகட்டும் என்று அவர் திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. பிறகு இன்னோர் உயர்சாதி இந்து வந்தார். அவரும் அப்படியே போனார். காலையில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

மூன்று முறை கதவு தட்டப்பட்டது. அதைக் கேட்டவருக்குக் கையில் எதுவுமில்லை.

கூப்பிட்டவர்கள் மூன்று வெவ்வேறு சமூகத்தார் என்பதையும், ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐடாவும் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவர். ஆண்டவர் கூப்பிடும்போது யார் வாயால் கூப்பிடுவார், யார் காதில் கூப்பிடுவார் என்று நாம் வரம்பு கட்ட முடியாது. அண்ணாமலையார் கோபுரத்தின் நிழலில் வாழ்கிற நமக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் நாளை ஊசி போடப்போவதும், கட்டுப் பிரிக்கப்போவதும், பிரசவம் பார்க்கப்போவதும் பெரும்பாலும் பிற சமயச் சகோதர சகோதரிகளுக்குத்தான்.

இந்தக் கதை ஆலயங்களில் சொல்லப்படும்போது பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறது. காலையில் ஐடா தன் பெற்றோரிடம் 'நான் மருத்துவம் படிக்கப் போகிறேன்' என்றார், கைதட்டல், முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் தேவை. அந்த இரவுக்குப் பிறகும் அவரால் உடனே ஒரு பெண்ணைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. 1895-ல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது 1898-ல் அங்கே மாறினார். 1899-ல் பட்டம். 1900 ஜனவரி முதல் நாள் வேலூர் வந்து சேர்ந்தார். அழைப்புக்கும் பட்டத்துக்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் உடற்கூறு, வேதியியல், தேர்வு, மறுபடியும் தேர்வு. அதில் கதை எதுவும் இல்லை. ஆகவே யாரும் சொல்வதில்லை.

வந்த பிறகும் எளிதாக இருக்கவில்லை. தந்தையோடு சேர்ந்து நடைமுறையில் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். அவரோ 1900 மே மாதத்தில் இறந்துவிட்டார். பட்டம் மட்டும் கையில், அனுபவம் இல்லை, பக்கத்தில் பெரியவர் இல்லை. தந்தையின் பங்களாவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அதுதான் மருந்தகம். சன்னல்தான் மருந்து கொடுக்கும் இடம். வீட்டு வேலையில் இருந்த சலோமி என்ற பெண்ணே முதல் உதவியாளர். நம் ஊர்ப் பெண்கள் தொடக்கத்தில் இந்த இளம் டாக்டரை நம்பத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் வந்தது. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு 1902-ல் மருத்துவமனை எழுந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அந்த 1918ஆம் ஆண்டை நம் பெண்பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். ஆறு பேராவது விண்ணப்பித்தால் தொடங்குங்கள் என்று அதிகாரிகள் அவநம்பிக்கையோடு சொன்னார்களாம். வந்தவை 151 விண்ணப்பங்கள். பெண் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதே அரிதாக இருந்த காலம். முதல் ஆண்டுத் தேர்வில் ஆண்கள் கல்லூரிகளிலேயே பலர் தேறாத நிலையில், வேலூரிலிருந்து எழுதிய 14 மாணவிகளும் தேறினார்கள். 1947-ல்தான் அங்கே ஆண்களுக்கு இடம் கிடைத்தது என்பதையும் நம் பையன்களுக்குச் சொல்லி வைப்போம், சும்மா தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது ஏலியிடம் திரும்புவோம். இந்த வாசகத்தில் சாமுவேலைவிட ஏலிதான் பெற்றோருக்கான பாடம். கண் பார்வை மங்கிய முதியவர். நடு இரவில் மூன்று முறை தூக்கம் கெடுகிறது. மூன்றாம் முறை அவருக்குப் புரிகிறது: கூப்பிடுவது நான் அல்ல, ஆண்டவர். பையனிடம் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, மீண்டும் அனுப்புகிறார். தன் குரலை ஆண்டவரின் குரலாக அவர் ஆக்கிக்கொள்ளவில்லை. நினைத்திருந்தால் முடிந்திருக்கும். சிறுவனுக்கு வித்தியாசம் தெரியாது. 'ஆமாம், நான்தான் கூப்பிட்டேன், இங்கே உட்கார், நான் சொல்வதைச் செய்' என்று சொல்லியிருந்தால் சாமுவேல் நம்பியிருப்பான்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஐந்து வயதில் விளையாட்டு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுக்கிறோம். உறவினர் வந்தால், 'பாப்பா பெரிசானதும் என்ன ஆகப்போறே, சொல்லு' என்று கேட்டு, 'டாக்டர்' என்று சொன்னதும் முத்தமிடுகிறோம். பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை உயிரியல் குரூப் எடுக்கிறது. எடுக்கச் சொன்னது யார் குரல் என்று அதற்கே தெரியாது. இன்னொரு வகை வீடும் உண்டு. அங்கே பிள்ளை உண்மையாகவே நர்சிங் படிக்க விரும்புகிறாள். 'இராத்திரி டியூட்டி, வேண்டாம்மா, மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க' என்று தட்டிக்கழிக்கிறோம். மகன் நர்சிங் என்றால் சிரிக்கிறோம். ஒரு வீட்டில் அழைப்பை உருவாக்குகிறோம், மற்ற வீட்டில் அழைப்பை அணைக்கிறோம். இரண்டிலும் கேட்பது நம் குரல்தான்.

வாசகத்துக்குப் பின்வரும் பகுதியை ஞாயிறு திருப்பலியில் முழுமையாக நாம் கேட்பதில்லை. வீட்டில் விவிலியத்தை எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் சாமுவேலிடம் சொன்ன செய்தி ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது. காலையில் எழுந்து ஆலயக் கதவுகளைத் திறந்த சிறுவன், அதைச் சொல்லப் பயப்படுகிறான். ஏலி அவனைக் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காதே என்று கேட்கிறார். கேட்டதை ஏற்றுக்கொள்கிறார். நம் பிள்ளைகள் நம்மிடம் சொல்லப் பயப்படும் செய்தி ஒன்று இருக்கலாம். 'அம்மா, எனக்கு இரத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் படிக்கப் பிடிக்கவில்லை' என்பதாக இருக்கலாம். 'அப்பா, நான் டாக்டர் அல்ல, நர்ஸ்தான் ஆக வேண்டும்' என்பதாக இருக்கலாம். இந்த வாரம் ஒருநாள், விளக்கேற்றிச் செபமாலை சொன்ன பிறகு, ஏலி கேட்டது போல நாமும் கேட்போம்.

ஆசை மட்டும் போதுமா என்று சிலர் கேட்பீர்கள். லூக்கா நற்செய்தியில் நல்ல சமாரியர் வருகிறார். லூக்காவே மருத்துவர் என்று புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய மடலிலிருந்து அறிகிறோம். அதனால்தானோ என்னவோ, அந்த உவமையில் சிகிச்சை விவரம் சரியாக இருக்கிறது. அடிபட்டவரின் காயத்தில் சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். வழியில் கடை இல்லை. எண்ணெயும் மதுவும் அவர் பையிலேயே இருந்தன. வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்து வைத்திருக்கிறார். கட்டுப் போடவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பரிவு அந்த நிமிடத்தில் வந்திருக்கலாம். எண்ணெய் அந்த நிமிடத்தில் வராது.

அந்த எண்ணெயை எப்படிச் சேர்ப்பது என்பதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். மறையுரையில் இதெல்லாமா என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தகவல் இல்லாமல் நம் பிள்ளைகள் ஏமாறும்போது திருச்சபைக்கு வலிக்காதா?

மருத்துவர் ஆக வேண்டுமானால் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப் எடுக்க வேண்டும். கணக்கு கட்டாயம் அல்ல. நீட் தேர்வை எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். மொத்தம் 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தமிழிலும் எழுதலாம். படிப்பு பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. நம் திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலை நம் பிள்ளைகள் தினமும் பேருந்தில் கடக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020-ல் கொண்டுவந்தது. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் பலர் அதனால் வெள்ளை அங்கி அணிந்திருக்கிறார்கள். ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் பள்ளிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நம் பள்ளிகளை நாமே குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோர், பின்னால் 'யாரும் சொல்லவில்லையே' என்று வருந்தக்கூடாது.

நர்சிங்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. படிப்பு நான்கு ஆண்டு. பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. இங்கேதான் நம் கிராமத்துப் பெண்பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். பேருந்து நிலையச் சுவரொட்டியில், ஒரே ஆண்டில் நர்சிங், வேலை உறுதி என்று இருக்கும். அம்மா தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டுவார். மூலச் சான்றிதழ்களையும் கொடுத்துவிடுவார். ஓராண்டு கழித்துக் கையில் ஒரு காகிதம் வரும். நர்சிங் கவுன்சிலில் அதைப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாடு போக முடியாது, சட்டப்படி நர்ஸ் என்றே சொல்லிக்கொள்ள முடியாது. சிறிய மருத்துவமனை ஒன்றில் குறைந்த சம்பளத்துக்கு அந்தப் பெண் காலம் தள்ளுவாள். பணம் கட்டுவதற்கு முன், தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலின் அங்கீகாரமும் இந்திய செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பார்க்கத் தெரியாதவர்கள் பங்கு இளைஞர் யாரையாவது கேளுங்கள். சான்றிதழின் மூலத்தைக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள், கொடுத்ததற்கு இரசீது வாங்குங்கள்.

டாக்டர், நர்ஸ் என்ற இரண்டோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தருகே நான்கு மணி நேரம் நிற்பவர் டயாலிசிஸ் டெக்னீஷியன். 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சின் பின்பகுதியில், ஓடுகிற வண்டியில் உயிரைப் பிடித்து வைப்பவர் மருத்துவ உதவியாளர். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்தாளுநர், பிசியோதெரபி, கண் பரிசோதனை, மயக்கவியல் உதவி என்று எத்தனையோ பணிகள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம், சாலை எட்டாத குக்கிராமத்துக் கர்ப்பிணியைத் தேடி நடந்து போகும் கிராம சுகாதார செவிலியரைவிட ஐடாவின் அந்த இரவுக்கு நெருக்கமானவர் யார்? அந்த மலைக்குப் போகத் தயாராக இருக்கும் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் சரியான படிப்பில்தான் சேர்ந்திருக்கிறாள்.

பதினைந்து வயதில் எப்படித் தெரியும், இது நமக்கு ஒத்துவருமா என்று? பார்த்தால்தான் தெரியும். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் சேருங்கள். முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கும் மக்களுக்காகக் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்கள் போடுகிறார்கள். அங்கே தண்ணீர் கொடுக்கவாவது போய் நில்லுங்கள். கொப்புளம் வந்த பாதத்தைத் துடைத்துக் கட்டும்போது முகம் சுளிக்கிறதா, இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதே பாதையில் வீட்டாரைப் பிரிந்து, மனநிலை குலைந்து, அழுக்கு உடையோடு திரிபவர்களையும் பார்ப்பீர்கள். அவர்களைப் பார்த்ததும் வேகமாக நடக்கத் தோன்றுகிறதா, நிற்கத் தோன்றுகிறதா என்பதையும் கவனியுங்கள். வீட்டிலேயே படுக்கையில் இருக்கும் தாத்தாவுக்குப் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காத பாடம். நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் புனித தோமையார் மருத்துவமனை தொழுநோயாளருக்கு எத்தனை ஆண்டுகளாகப் பணி செய்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா? லூர்து மாதா திருவிழாவுக்குக் கூட்டிப் போகும்போது அந்த வளாகத்தையும் காட்டலாம்.

நம் திருச்சபையிலும் இந்த வழி எளிதில் திறந்துவிடவில்லை. பல ஆண்டுகள், அருள்சகோதரிகள் மருத்துவராகவும் பேறுகாலம் பார்ப்பவராகவும் பணியாற்றத் திருச்சபைச் சட்டமே தடையாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படித்த மேரி க்ளோரி, இந்தியப் பெண்கள் மருத்துவரின்றி இறப்பதைப் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தை வாசித்தார். 1920-ல் குண்டூருக்கு வந்து இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்தார். திருத்தந்தையின் சிறப்பு அனுமதியோடு துறவியாகவே மருத்துவப் பணி செய்தார். ஒரே மருத்துவராக நின்று, உள்ளூர்ப் பெண்களைக் கம்பவுண்டராகவும் நர்சாகவும் பேறுகால உதவியாளராகவும் பயிற்றுவித்தார். பொதுவான தடை 1936-ல்தான் நீங்கியது. 1943-ல் அவர் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கம் இன்றும் நாடெங்கும் இயங்குகிறது. இந்தியாவில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவர் கனவு. 1957-ல் அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1963-ல் பெங்களூருவில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

இப்போது சொல்லப்போவதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கேளுங்கள். நீட் முடிவு வரும் நாட்களில் நம் தமிழ்நாட்டில் சில வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். உயிர் காக்கும் படிப்புக்கு ஆசைப்பட்டு, தன் உயிரை விட்டவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆண்டவரின் இரக்கத்தில் அவர்களை ஒப்படைக்கிறோம். தேர்வு முறை நியாயமா என்ற விவாதம் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் நடக்கட்டும், நடக்க வேண்டும். நம் வீட்டுக்குள் நடக்க வேண்டியது வேறு. தேர்வுக்கு முந்தைய நாள் இரவு, அப்பா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'கண்ணு, எவ்வளவு வந்தாலும் நாளைக்கு ராத்திரி நாம எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடப் போறோம்' என்று சொல்ல வேண்டும். முடிவு வந்த பிறகு சொல்வது தாமதம். முன்பே சொல்ல வேண்டும். பிள்ளை பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், தூங்காமல் இருந்தால், 104 என்ற அரசின் எண்ணை அழையுங்கள், ஆலோசகர்கள் பேசுவார்கள். 14416 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் பங்கு இல்லத்துக் கதவையும் தட்டலாம். இரவு எத்தனை மணியானாலும், எத்தனை முறையானாலும் தட்டுங்கள். ஏலி மூன்று முறை எழுந்தாரே.

இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஐடா வந்த வழியில் சலோமியும் இருந்தார். அவருக்குப் பட்டம் இல்லை. வீட்டு வேலையிலிருந்து எழுந்து வந்து மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டவர். வேலூரின் முதல் நாட்களில் அவர் இல்லாமல் டாக்டரம்மாவால் எதுவும் செய்திருக்க முடியாது. பள்ளிப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கச் சொல்லும் இடத்தில், மருந்து செய்பவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. வாசித்துப் பாருங்கள்.

நம் பங்குகளில் அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் பணி செய்யும் சகோதர சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். இந்த ஒலிபரப்பை இரவுப் பணி முடித்துப் பேருந்தில் கேட்டுக்கொண்டு வருபவர்களும் இருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற அன்பியக் கூட்டத்தில் அரை மணி நேரம் நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்தக் கல்லூரி நல்லது, எவ்வளவு செலவு, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். முதன்முதலாக ஒருவர் உங்கள் கைப்பிடிக்குள் இறந்த இரவில் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த நாள் ஏன் மறுபடியும் பணிக்குப் போனீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அன்பியத் தலைவர்கள் இந்த வாரமே நாள் குறித்துப் பங்கு அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு தொடங்கிவிடும், அதற்குள் முடித்துக்கொள்வோம்.